ஃபோர்மேன் அக்கா

அலுவலகத்திலிருந்து படகுத்துறைக்கு ஐந்து நிமிட நடை. அன்று எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. வழியில் ஒரு டீ குடித்தேன், குடித்து முடித்ததும் இன்னொன்று சொன்னேன். சட்டைப் பையில் ஒரு சுற்றறிக்கை நான்காக மடித்துக் கிடந்தது. என் அக்காவுக்கு மாதக் கடைசியில் வர வேண்டிய பதவி இனி வராது என்று அதற்கு அர்த்தம். அதை அடித்தவன் நான்தான்.

எங்கள் பயணப்படகு நிறுவனத்தில் நான் டைப்பிஸ்ட். இரண்டு மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஆங்கிலப் பதவிப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'மேன்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயராகப் போட வேண்டுமாம். யாருக்கும் நேரமில்லை, என் தலையில் கட்டினார்கள். நானும் ரசித்துத்தான் செய்தேன். சீமேன் சீஃபேரர் ஆனார். சேர்மேன் வெறும் சேர் ஆனார். "சேர் வந்தாச்சா" என்று யாராவது கேட்டால் பெரியவரைத் தேடுவதா நாற்காலியைத் தேடுவதா என்று ஒரு வாரம் ஆபீசே சிரித்தது. ஒன்பதாவது வரியில் ஃபோர்மேன் இருந்தது. அதற்கு எதிரே 'க்ரூ லீட்' என்று அடித்தபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அக்காவை நினைத்துத்தான் அடித்தேன்.

அக்கா இருபத்தாறு வருஷமாகத் துறையில் கயிறு பிடிக்கிறாள். ஃபோர்மேன் பரீட்சையில் தேறிக் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளாக நிற்கிறாள். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டிய பழைய ஃபோர்மேன் முதுகுவலி என்று மூன்று வருஷமாக வீட்டில் படுத்திருக்க, அவருடைய வேலையைப் பொறுப்பு ஃபோர்மேனாகப் பார்ப்பதும் அவள்தான். வரும் படகுக்குக் கரையிலிருந்து ஃபோர்மேன் கை காட்ட வேண்டும். காட்டினால்தான் கேப்டன் துறையோடு அணைப்பார். நீரோட்டம், காற்று, கயிற்றுக்காரன் நிற்கிற இடம் எல்லாம் பார்த்து அவள் கை உயரும். துறையில் எல்லோரும் அவளை ஃபோர்மேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவர்கள் யாருக்கும் இடறவில்லை, எனக்குத்தான் இடறியது. நாலு எழுத்து படித்த திமிர், வேறென்ன.

காலையில் மேனேஜர் கூப்பிட்டு விளக்கினார். ஃபோர்மேன் என்ற பதவியே இன்று முதல் கிடையாது. இல்லாத பதவிக்குப் பட்டியலும் இல்லை, பொறுப்பு பார்க்கவும் முடியாது. க்ரூ லீட் புதுப் பதவி, அதனால் புது விளம்பரம், புதுப் பரீட்சை, நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. சேர்மேனுக்கும்தானே பெயர் மாறியது, அவர் மட்டும் பரீட்சை எழுதாமல் எப்படி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். "அது வேறப்பா" என்றார். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த மாற்றத்தைப் பற்றிச் செய்தி மடலில் போட அக்காவின் போட்டோ ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டார்.

நான் போனபோது அக்கா கயிறு கட்டும் இரும்புக் கட்டைமேல் உட்கார்ந்து பூட்ஸில் இருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன். காகிதத்தை வாங்கி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"நீதானே அடிச்ச?"

"ஆமாக்கா. உனக்காகத்தான்..."

"யாருடா உன்னக் கேட்டா?" குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மேன்னு கூப்பிட்டா எனக்கென்ன மீசையா மொளச்சிடப் போவுது?"

மேலே மனு போடலாம், சேரையே நேரில் பார்த்துப் பேசுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அடம் பிடிக்கிற குழந்தைக்குச் சரி என்பதுபோல், எழுது என்றாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்ற வேண்டியிருந்தது. "ரொம்ப அலுப்பா இருக்குடா" என்றாள். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள், ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அதற்குள் மூன்று மணிப் படகு வளைவு திரும்பி வந்துவிட்டது. வழக்கமான இடத்தில் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தது. கயிற்றுக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து அக்காவைப் பார்த்தார்கள்.

"இன்னிலேருந்துதானே?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"பொறுப்பு பாக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னாருன்னியே. இன்னிலேருந்துதானே?"

ஆமாம் என்றேன். அக்கா காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள். இரண்டாவது ஹாரன் நீளமாக அடித்தது. கேப்டன் வெளியே வந்து, நெற்றியில் கை வைத்துக் கரையைப் பார்த்தார். இறங்கத் தயாராகப் பைகளைத் தோளில் மாட்டி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பியோரம் வரிசையாக நின்றவர்களும் பார்த்தார்கள். துறைக்கும் படகுக்கும் நடுவே பத்து முழம் தண்ணீர்தான் இருக்கும். நீரோட்டம் படகின் பின்பக்கத்தை மெல்லத் தள்ள ஆரம்பித்திருந்தது.