ஆறாம் எண் கிளாஸ்

அவருக்கு மூக்கர் என்று பெயர் வைத்தது விஸ்கிப் போட்டிகளின் சக நடுவர்கள்தான். கேலிக்காக வைத்தது, அவர் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டார். புகைவாசம் ஏறிய ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கியில் எட்டு கிளாஸை வரிசையாக வைத்தால், எது ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்தது, எது அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். வீட்டுக்குள் என்ன புகைந்துகொண்டிருந்தது என்பது மட்டும் அந்த மூக்குக்குக் கடைசிவரை எட்டவில்லை.

பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனைவி போன வருடம் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனி வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டதற்கு, "இன்னுமா தெரியலை?" என்றாள். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. போனவள் மூலையில் உட்கார்ந்து அழவும் இல்லை. ஸ்காட்லாந்து வடிசாலைகளுக்குப் போய் ருசி பார்த்து, பிடித்த ஒரே ஒரு பீப்பாயை வாங்கி, அங்கேயே பாட்டிலில் அடைத்துத் தன் முத்திரையோடு விற்கும் தொழிலைத் தொடங்கினாள். விவாகரத்துக் காகிதமும் வக்கீல் மூலம் வந்து சேர்ந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். கடைசியாகப் பேசியபோது, இந்த வருடப் போட்டி முடியட்டும், மறுநாள் வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ஏன் போட்டிவரை பொறுக்கிறாள்? மூக்கர் விசாரித்தார். அவளுடைய முதல் பாட்டில் போட்டிக்கு வந்திருந்தது. தங்கப் பதக்கம் தன் கையால் கிடைத்தால் அவள் வீட்டுக்கே திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். படித்த மனுஷனுக்கு ஆசை வந்தால் புத்தி எங்கே போகிறதோ! போட்டியாளர்களில் உறவினர் உண்டா என்று நடுவர்களுக்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு பெண்டாட்டி உறவா, எதிர்க்கட்சியா என்று தனக்குத்தானே ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டு, 'இல்லை' என்பதில் டிக் அடித்தார்.

காலை பத்து மணிக்கு, மூக்கும் நாக்கும் களைக்காத நேரத்தில், போட்டி ஆரம்பமானது. நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடியில் செய்த எட்டு கிளாஸ்கள். ஒவ்வொன்றின் மேலும் மூடி, அடியில் எண். பக்கத்தில் தண்ணீர், சொட்டுக்குழாய், துப்புவதற்கு ஒரு குவளை. மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது.

எட்டில் அவளுடையது எது? அதைத்தான் தேடினார். மூன்றாம் எண்ணின் மூடியைத் தூக்கியதுமே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். தேன், கனிந்த பேரிக்காய், பின்னால் பதமாக ஒரு புகை. இந்த மாதிரிதான் அவர் பதினெட்டு வருடமும் தேடித்தேடி வாங்கிவந்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அவளும் "நல்லா இருக்கு" என்பாள். தொண்ணூற்று நான்கு போட்டார்.

ஆறாம் எண் வேறு சாதி. உப்பு, அயோடின், நனைந்த கயிறு, அணைந்த அடுப்பின் சாம்பல். இனிப்பின் வாடையே கிடையாது. யாருக்கும் வளைந்து கொடுக்காத சரக்கு. அவர் நாக்கு இன்னொரு வாய் கேட்டது; விழுங்கிய பிறகும் நெடுநேரம் நெஞ்சில் நின்றது. ஆனால் இது ஜெயித்தால் மூன்று தோற்கும். எழுபத்தொன்று போட்டுவிட்டுக் குறிப்பில் எழுதினார்: 'புகை மட்டும்தான். உள்ளே ஆள் இல்லை.'

அதே மேசையில் இருந்த மற்ற இரண்டு நடுவர்களும் ஆறாம் எண்ணுக்குத் தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்தார்கள். பத்து மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப ருசித்துப் பேச வேண்டும் என்பது விதி. அவர்களில் ஒருத்தியான குழுத் தலைவி தயங்கித் தயங்கி, இதில் ஏதோ உண்மை இருப்பதாகத் தனக்குப் படுகிறது என்றாள். மூக்கர் விடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அரைமணி நேரம் வாதாடினார். அவர் மூக்கின் மேல் இருந்த மரியாதையில் இருவரும் இறங்கி வந்தார்கள். மூன்றாம் எண்ணுக்குத் தங்கம். ஆறுக்கு ஒன்றுமில்லை.

மாலையில், எந்த எண் யாருடையது என்ற பட்டியலைப் பிரித்தார்கள். மூன்று ஏதோ பெரிய கம்பெனியின் சரக்கு. ஆறு அவளுடையது. மூக்கர் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தார். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தபோது அழுகைகூட வரவில்லை.

மறுநாள் காலை சொன்னபடி வந்தாள். நடுவர்களின் குறிப்புகளைப் பெயரில்லாமல் போட்டியாளருக்கு அனுப்புவது வழக்கம். அந்தத் தாள் அவள் கையில் இருந்தது.

"உள்ளே ஆள் இல்லை. இது நீங்க எழுதினதுதானே?"

அவர் மறைக்கவில்லை. மூன்றுதான் அவளுடையது என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். "உனக்கு இனிப்பா இருந்தாத்தானே பிடிக்கும்?"

"எனக்கு எப்பவுமே அது பிடிச்சதில்லைங்க. நீங்க ஆசையா ஊத்திக் குடுத்தீங்க, குடிச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முதல் வருஷமே சொன்னேன். நாக்கு இன்னும் பழகலை, பழகினா சரியாயிடும்னீங்க."

அவருக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இல்லாததுதான் அதிகமாக வலித்தது. தலைவிக்கு இப்போதே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், திரும்ப ருசிக்கச் சொல்கிறேன் என்று பதறினார்.

எழுதுவதானால் எழுதுங்கள், ஆனால் எனக்காக வேண்டாம் என்றாள் அவள். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க அந்த மேசையில இருப்பீங்கன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். எனக்குப் பிடிச்சதை, என்னுதுன்னு தெரியாம, ஒரு தடவை நீங்க குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லியிருந்தா விவாகரத்துக் காகிதத்தைக் கிழிச்சிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "நெஜமா சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?" என்றாள்.

மூக்கர் வாழ்க்கையில் எத்தனையோ சரக்குக்குத் தீர்ப்புச் சொன்னவர். இதற்கு மதிப்பெண் போடப் படிவம் இல்லை.

"அங்க இருந்த எட்டுலயும் அதுதான் நல்லா இருந்துச்சு. குடிச்சப்பவே தெரியும்."

ஒரு வருடமாக அழாதவள் அப்போது அழுதாள். "தெரிஞ்சும் வேறல்ல எழுதினீங்க" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விவாகரத்துக் காகிதங்களை மேசையில் பரப்பினாள். அவள் விரல் வைத்துக் காட்டிய மூன்று இடத்திலும் அவர் கையெழுத்துப் போட்டார்.