நெட்டைக்குப் பக்கத்து மாடம்

தம்பி கண்மூடிய அன்று வாசலுக்கு வந்த இரண்டு சிப்பாய்களைப் பெரியவர் நிற்க வைத்தே திருப்பி அனுப்பினார். மடித்த கொடியைக் கையில் ஏந்தி வந்திருந்தார்கள், பாவம்.

"படையில இருந்த எல்லாருக்கும் உண்டுங்க ஐயா. அடக்கம், மரியாதை, கல்லு... எல்லாமே இலவசம்" என்றான் ஒருவன்.

இலவசம் என்ற சொல் அவரைச் சுருக்கென்று தைத்தது. "எங்க வீட்டுப் பிணத்தைத் தூக்க எங்க வீட்லயே தோள் இருக்கு. அநாதைன்னு நெனச்சீங்களா?"

கதவோரம் நின்ற தம்பி மனைவி, "அத்தான், அவர் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கார்..." என்று தொடங்கினாள்.

"எல்லாம் முடியட்டும்மா" என்றார்.

எல்லாம் முடிந்தது. எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். ஊர் மெச்சும்படி நடந்தது என்று பெரியவருக்குத் திருப்தி.

அதன்பிறகுதான் அவள் சொன்னாள். படைவீரர் மயானத்தில் ஒரு சுவர் இருக்கிறது. எரித்தவர்களின் சாம்பலை அதில் ஆளுக்கொரு மாடத்தில் வைத்துக் கல் பதிப்பார்கள். படையில் லாரி ஓட்டிய காலத்தில் தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பன், நெட்டை என்று எல்லாரும் கூப்பிட்டவன், அங்கேதான் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்து மாடம் காலி. 'அது நமக்குத்தான். முதல்ல நான், பின்னாடி நீ. ரெண்டு பேருக்கும் ஒரே மாடம்' என்று தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பானாம்.

"நான் போய்க் கேட்டுட்டு வரேன் அத்தான்" என்றாள். பிள்ளைகுட்டி இல்லாதவள். கேட்பதற்கு வேறொன்றும் இல்லாதவள்.

நம் வீட்டுப் பெண் தனியாக ஓர் அலுவலக பெஞ்சில் காத்துக் கிடப்பதா? பெரியவர் கஞ்சிபோட்ட சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மயான அலுவலகம் சின்ன அறை. மேசைமேல் கல்வெட்டு மாதிரிகள், ஜன்னலில் உலரப் போட்ட கையுறைகள், மூலையில் மண் ஒட்டிய மண்வெட்டி. அதிகாரியும் ஒரு காலத்தில் படையில் இருந்தவர்தான். எழுந்து நின்று வணங்கினார். அது பெரியவருக்குப் பிடித்திருந்தது.

"உங்க தம்பி நல்லபடியா வேலை பார்த்து வெளிய வந்தவர். அவருக்கு இங்க இடம் உண்டு, சந்தேகமே இல்ல" என்றார் அதிகாரி. "புதைச்சாலும் சரி, எரிச்சாலும் சரி. மனைவிக்கும் அவர்கூடவே இடம். சாம்பலைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"கரைச்சாச்சு" என்றார் பெரியவர்.

"கொஞ்சம்கூட எடுத்து வைக்கலியா?"

"எங்க வீட்டு வழக்கம் அதில்ல. எதையும் அரைகுறையா செய்யமாட்டோம்."

அதிகாரி பேனாவை மூடினார். "வெறும் மாடத்தை மூடிக் கல்லு வைக்க முடியாதுங்க ஐயா. போர்ல காணாமப் போனவங்களுக்கு மட்டும் பேர் வெட்டுவோம். இவர் வீட்ல, கட்டில்ல போனவர்."

"பேரை மட்டும் போடுங்க. செலவு நான் தரேன்."

"காசு வாங்கவே எங்களுக்கு அனுமதியில்ல. அவர் இல்லேன்னா இந்த அம்மாவுக்கும் இல்ல. அவர் வழியாத்தான் அம்மாவுக்கு இடம்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயா, குடம்! சாம்பல் கொண்டுபோன குடம் வீட்லதான் இருக்கு. அடியில ஒட்டியிருக்கும்ல?"

அதிகாரியின் முகமும் மலர்ந்தது. "ஒரு சிட்டிகை போதும்மா. துணியில முடிஞ்சு எடுத்துட்டு வாங்க. நானே நின்னு வைக்கிறேன், கொடி மரியாதையோட!"

அவள் அப்போதே எழுந்துவிட்டாள். பெரியவர் எழவில்லை.

சாம்பல் கரைத்த அன்று கடற்கரையில் அவரே உட்கார்ந்து ஈரமணலைப் போட்டு அந்தக் குடத்தைத் தேய்த்தார். உள்ளே கைவிட்டு விளிம்புவரை வழித்து, அலையில் அலசி, மறுபடி தேய்த்தார். வாடகைப் பாத்திரமா என்ன, குடும்பச் சொத்து. பளபளவென்று வீடு திரும்ப வேண்டும். யாரோ "நான் கழுவறேனே" என்றபோதுகூட விடவில்லை.

"அத்தான், வாங்க."

"அந்தக் குடத்துல ஒண்ணும் இருக்காது" என்றார். கழுத்து மட்டும் வளையவில்லை. "நானே தேய்ச்சேன்."

அவள் அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. திரும்பும் வழியில் அந்தச் சுவர் முன் நின்றாள். நெட்டையின் கல்லுக்குப் பக்கத்து மாடத்தில் முழங்கை வரை கையை விட்டு, உள்ளங்கையால் அடியைத் தடவிப் பார்த்தாள். யாரோ போட்ட மிட்டாய்த் தாள் ஒன்று கிடந்தது. அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெரியவர் வேறு பக்கம் பார்த்து நின்றார்.

தெருமுனைத் தையற்காரர் மிஷினை நிறுத்தி, "என்ன பெரியவரே, மயானத்துல இடம் குடுத்தாங்களா? இல்ல, நாளைக்கு வா, நாளான்னிக்கு வான்னு இழுத்தடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தாங்கப்பா. எழுந்து நின்னு குடுத்தாங்க. நம்ம குடும்பத்துக்கு அதெல்லாம் சரிப்படாது, வேண்டாம்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் நின்றார். தையற்காரர் அவளைப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றாள் அவள். "வேண்டாம்னுட்டார்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பெரியவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் முன்னே போய் வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் படியேறுவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தட்டினால் தெரு பார்க்கும். சட்டையின் கசங்கலை நீவிவிட்டுக்கொண்டு, காற்று வாங்க நிற்பவர் போல அவர் வாசலிலேயே நின்றார்.