புள்ளியை விழுங்கிய குரல்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்த மாஷிதாவுக்கு நர்சிங் கல்லூரியின் முதல் வருடம் அழுகையிலேயே போனது. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கம் புரிய ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாம் வருடத்தில் செல்போனில் ஏஐ வந்ததும், மருந்துப் பாடம் முழுவதையும் எளிய தமிழில் எழுதித் தரச் சொன்னாள். வந்ததை வரிவரியாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினாள். பெரியபட்டினத்திலிருந்து இராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவள் அவள். அந்த நெரிசலில் எதையும் படிக்க முடியாது என்பதால், அதையே ஏஐ குரலில் ஆடியோவாகவும் மாற்றினாள். ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் வாங்கிக் கேட்டார்கள். வேறு கல்லூரிகளுக்கும் போனது. "அக்கா, நீங்க இல்லாட்டி எனக்கு அரியர்தான்" என்று முதுகுளத்தூர் ஜோதிகா சொன்னபோது மாஷிதாவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவருக்கும் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் பயிற்சி. பதினொரு மணிக்கு ஒரு பெண் ஒரு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். காய்ச்சலில் வலிப்பு. கண்கள் மேலே செருகி, கைகால் வெட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வலிப்பை நிறுத்தும் டயசிபாம் ஊசியையும் அதன் அளவையும் சீட்டில் அவசரமாகக் கிறுக்கிவிட்டு ஆக்சிஜன் வைக்கத் திரும்பினார்.

"மருந்த எடும்மா, நான் பாத்துட்டுப் போடுறேன்" என்றார் ஸ்டாஃப் நர்ஸ் இராமலட்சுமி, ஜோதிகாவிடம்.

ஜோதிகா சீட்டைப் பார்த்தாள். மூன்று குப்பிகளை எடுத்தாள். இரண்டைச் சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டு மூன்றாவதை உடைத்தாள். இராமலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், என்ன பண்ற? எத்தன மில்லிகிராம்?"

"இருபத்தஞ்சு சிஸ்டர்."

"இந்தப் பச்சப்புள்ளைக்கா? மூச்சே நின்னு போகும்டி! ரெண்டர! ஒரு குப்பில கால்வாசி!"

சிரிஞ்சைப் பிடுங்கி வைத்துவிட்டு, புதிதாக அளந்து அவரே செலுத்தினார். சில நிமிடங்களில் வெட்டு அடங்கியது. குழந்தை முனகியது, பிறகு வீறிட்டு அழுதது. அதன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கன படிச்ச இத?" என்று இராமலட்சுமி கேட்டார்.

ஜோதிகா சீட்டை நீட்டினாள். "சீட்டுல புள்ளி தெரியல சிஸ்டர். மாஷிதா அக்கா ஆடியோலயும் இருபத்தஞ்சுன்னுதான் வருது. பத்துத் தடவ கேட்டிருக்கேன்."

அடுத்த கட்டிலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த மாஷிதா நிமிர்ந்தாள். "இல்ல. ரெண்டு புள்ளி அஞ்சுன்னுதான் இருக்கு."

வெளியே ஓடி, பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தாள். எழுத்தில் 2.5 என்று சரியாகத்தான் இருந்தது. ஆடியோவைப் போட்டாள். "ஒரு வயதுக் குழந்தைக்கு இருபத்தைந்து மில்லிகிராம்" என்றது அந்த இனிமையான குரல், கொஞ்சமும் தயங்காமல். மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். எழுத்தை மூன்று முறை சரிபார்த்தவள், ஆடியோவில் முதல் இரண்டு நிமிடத்துக்கு மேல் எதையுமே கேட்டதில்லை.

"யா அல்லாஹ்" என்று சுவரைப் பிடித்தாள்.

இராமலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தன பேருக்குப் போயிருக்கு?" அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் மாஷிதாவும் அவரும் உட்கார்ந்து ஆடியோ முழுவதையும் கேட்டார்கள். பதினான்கு இடங்களில் புள்ளி காணாமல் போயிருந்தது. 'அழித்துவிடுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்' என்று மாஷிதா எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பினாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு பதில் வந்தது: 'அக்கா, நான் போன மாசம் வேலைல சேந்துட்டேன். இதக் கேட்டுத்தான் மனப்பாடம் பண்ணேன்.'

மாஷிதா உடனே அழைத்தாள். "யாருக்காச்சும் போட்டீங்களா?"

"இன்னும் தேவப்படலக்கா."

போனை வைத்ததும் அந்த எண்ணுக்குச் சரியான அளவுகளை எழுத்தில் அனுப்பினாள்.

அந்த வாரமே எல்லா அளவுகளையும் தன் குரலிலேயே பதிவு செய்தாள், 'இரண்டரை' என்று அழுத்திச் சொல்லி. இராமலட்சுமி புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்த்தார். டயசிபாம் வரியில் மட்டும் குரல் உடைந்தது. ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது.