குறுக்குக் குழாய்

மிஸஸ் ப்ரூயிட் வீட்டுக் கொல்லையில் மண்டியிட்டு, நீச்சல்குளத்து ஹீட்டருக்குள் போகும் குழாயை எஸேபியோ பாதி அறுத்திருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் வெட்டு கோணலாகிவிடும், கோணல் வெட்டில் பசை பிடிக்காது. எதற்கும் கைவசம் ஒரு காரணம் வைத்திருக்கிற மனுஷர் அவர்.

"இந்த ஒட்டு வேலை தாங்குமா?" என்று மிஸஸ் ப்ரூயிட் கேட்டாள்.

"தாங்கும்மா. பிப்ரவரி பனியில வெடிச்சது ஹீட்டர் மட்டும்தான். அதுக்குள்ள போகாம குறுக்கே ஒரு குழாயைப் போட்டுட்டா தண்ணி நேரா சுத்தும். ரெண்டு மூணு நாள்ல குளம் தெளிஞ்சிடும். சூடுதான் வராது."

"ஜூன் மாசத்துல சான் அன்டோனியோவுல சூடு யாருக்கு வேணும்? சனிக்கிழமை இருபது பேர் வராங்க. தவளையோட சேர்ந்து குளிங்கன்னா சொல்றது?"

அவரும் சிரித்தார். போன் மூன்றாவது முறை அடித்தது. மகள் அராசெலி.

"அப்பா, அம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ்ல ஏத்தறாங்க. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

எழுந்தார். எழுவதற்கு முன் பசை டப்பாவைத் தேடி மூடியைத் திருகி இறுக்கினார். காற்றுப் பட்டால் பசை கெட்டுவிடும். அந்த நேரத்தில் அதை ஏன் செய்தோம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி எர்லிண்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"அவ நாலு மாசமா நாற்காலியே கதின்னு இருந்தா, டாக்டர். நடமாட்டம் இருந்திருந்தா?"

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க."

"சொல்ல முடியாதுன்னா, அதனால இல்லைன்னு அர்த்தமா?"

டாக்டர் அவர் தோளைத் தொட்டார். "சொல்ல முடியாதுன்னுதான் அர்த்தம்."

பதின்மூன்று வருஷமாக எர்லிண்டாவுக்கு மூட்டுவாதம். கொல்லையில் ஹீட்டரோடு ஒரு குளம் இருந்ததற்காகத்தான் அவர்கள் தங்கள் வீட்டையே வாங்கினார்கள். காலையில் எழும்போது கோழிக்கால் மாதிரி மடங்கியிருக்கும் விரல்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் இருந்தால் விரியும். தண்ணீருக்குள் அவள் நடப்பாள், குதிப்பாள், ரேடியோவோடு சேர்ந்து கத்திப் பாடவும் செய்வாள். தரைக்கு வந்ததும் மறுபடியும் கைப்பிடியைத் தேடுவாள். எர்லிண்டா எர்லிண்டாவாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

பிப்ரவரியில் ஊரே உறைந்து மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போனபோது எஸேபியோ வாடிக்கையாளர் வீடுகளில், உள்ளே உறைந்து வெடித்துவிடாமல் இருக்க, பம்ப்புகளைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். பனியில் வண்டி நகரவில்லை, வீட்டுக்கு வர வழியில்லை. "அடியில இருக்கிற திருகையெல்லாம் கழட்டி விடு, தண்ணி வடிஞ்சிடும்" என்று போனில் சொன்னார். அந்த விரல்களிடமா சொல்கிறோம் என்ற நினைப்பு அந்த அவசரத்தில் அவருக்கு வரவில்லை. அவளும் முடியாது என்று சொல்லவில்லை. பீக்கன் கொட்டை உடைக்கும் இடுக்கியை எடுத்துப்போய்ப் பம்ப்பின் திருகுகளை எப்படியோ கழற்றிவிட்டாள். ஹீட்டரின் திருகு அசையவில்லை. வீட்டிலிருந்த அத்தனை போர்வையையும் கொண்டுவந்து அதன்மேல் போர்த்திவிட்டு, தான் கோட்டோடு படுத்துக்கொண்டாள். அவர் வந்தபோது போர்வைகள் பலகை மாதிரி விறைத்திருந்தன. உள்ளே செப்புக் குழாய்கள் பிளந்திருந்தன.

"என் கையாலதான் போச்சு, சேபோ" என்றாள்.

"அட, விடு. உனக்குப் புதுசே வாங்கிப் போடறேன்."

எங்கே வாங்குவது? டெக்ஸாஸ் முழுக்க வெடித்துக் கிடந்தது. கடைகளில் அலமாரி துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஏப்ரல் என்றார்கள், மே என்றார்கள், அப்புறம் ஜூலை என்றார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கெல்லாம் எஸேபியோ குறுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார். விரிசலுக்குப் பிசின் பூசினார். பழைய ஹீட்டர்களைப் பிரித்து ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் வைத்தார். வீட்டுக் குளம் மட்டும் அப்படியே நின்று பாசி பிடித்தது.

எர்லிண்டா இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை ஏப்ரலில்: "ஊருக்கெல்லாம் போடற அந்தக் குழாயை எனக்கும் ஒண்ணு போட்டுடேன்."

"உனக்கு ஒட்டு வேலை கிடையாது. ஊருக்குப் போடறது வேற. என் பொண்டாட்டிக்கு அசல்தான்."

அப்படிச் சொன்னதில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது தடவை மே மாதம். "தண்ணி சூடாக வெயில் போதாதா, சேபோ? வேணும்னா மத்தியானமா இறங்கிக்கறேன்."

"பச்சத் தண்ணி உன் மூட்டுக்கு ஆகவே ஆகாது. இத்தனை நாள் பொறுத்துட்டே, இன்னும் கொஞ்சம் பொறு."

அவள் பொறுத்துக்கொண்டாள். உடைத்தவள் தான்தானே என்ற கூச்சம் அவளுக்கு இருந்திருக்கும். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட அந்தக் குழாயைப் போட்டுக் கொடுத்திருப்பார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறை மேடை முழுக்கச் சுட்ட மாட்டிறைச்சியும் பீன்ஸும் சோறும் தட்டுத் தட்டாக வந்து நிறைந்தன. எர்லிண்டாவின் அக்கா இமெல்டா எல்லோரையும் சாப்பிடச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். துக்கம் வந்தால் அவளுக்கு வாய் இன்னும் நீளும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் எஸேபியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். எதையாவது நல்லதாகச் சொல்லவேண்டுமே என்று தேடி, "ஏப்ரல்ல நீங்க போட்ட குழாய் இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு கசியலைங்க. என் பொண்டாட்டி தினம் இறங்கறா" என்றார்.

"பார்த்தியா, தினம் இறங்கறாங்களாம்" என்றாள் இமெல்டா, கையில் கரண்டியோடு. "என் தங்கச்சிக்கு மட்டும் பச்சத் தண்ணி ஆகாதுன்னே. நாலு மாசமா ஜன்னல் வழியா அந்தப் பச்சைத் தண்ணியத்தானே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா, பாவி!"

"பெரியம்மா, போதும்" என்றாள் அராசெலி.

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. எஸேபியோ கழுத்து டையை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வெளியே போனார். வண்டியைத் திறந்து ஒரு துண்டுக் குழாய், இரண்டு முழங்கை இணைப்புகள், ரம்பம், பசை எல்லாவற்றையும் எடுத்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போட்டுக்கொள்ளும் அந்த ஒரே வெள்ளைச் சட்டையோடு ஹீட்டருக்கு முன்னால் மண்டியிட்டார். உள்ளே போகும் குழாயை அறுத்தார். வெளியே வரும் குழாயை அறுத்தார். பசைக்கு முன் தடவுகிற ஊதா மருந்து சட்டைக் கையில் வழிந்தது. அவர் பார்க்கவில்லை.

அராசெலி தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தடுக்கவில்லை. அவர் குறுக்குக் குழாயைச் செருகித் திருகி, அசையாமல் முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுத்தார்.

"இவ்வளவுதானாப்பா?" என்று அவள் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அடுத்து என்ன எடுத்துத் தரவேண்டும் என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்."

பசை இறுகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பம்ப்பின் வாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மூடி, விசையைப் போட்டார். பம்ப் இருமியது, காற்றைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு குறையும் இல்லை. அவள் இடுக்கி வைத்துக் காப்பாற்றிய பம்ப். குளத்தின் எதிர்ச் சுவரின் துளைகளிலிருந்து தண்ணீர் பீறிட, நான்கு மாதப் பாசி மெல்லச் சுற்றத் தொடங்கியது. எஸேபியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காத்திருந்த நேரத்தையும் சேர்த்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்ததில் ஊதா கன்னத்திலும் ஒட்டியது.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அராசெலி கறுப்புச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துப் படியை நோக்கிப் போனாள்.

"அந்த அழுக்குத் தண்ணியிலயா?" என்றார்.

அவள் உட்கார்ந்து பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு காலையும் உள்ளே விட்டாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கேட்கக்கூடாது என்று நினைத்தார். கேட்டார்.

"குளிருதா?"

அவள் தலையைத் திருப்பவில்லை.

"ஆமாப்பா. ரொம்பக் குளிருது."

வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரிலிருந்து காலை வெளியே எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.