இருபது நிமிடம் ஓடிய எஞ்சின்

இருபது நிமிடத்துக்கு இருபத்திரண்டாயிரம் டாலர் என்று விலை சொன்னார், காரை வாங்க வந்த வாண்டர்மோலன். கார் வேறு கணக்கு, அதற்கு ஐம்பதாயிரம்.

சொல்லிவிட்டு, சொன்னதே தப்பு என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். நல்ல வியாபாரி. காலை பத்து மணிக்கு வந்ததிலிருந்து அந்த 1969 ஜிடிஓ காரைச் சுற்றிச் சுற்றி வந்து குறையாகவே பொறுக்கிக்கொண்டிருந்தார். பின் பம்பரில் முலாம் போயிருக்கிறது, இடது கதவு முனகுகிறது, சீட்டில் தையல் விட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் பென்சிலால் நோட்டில் எழுதி, எழுதியது காரின் சொந்தக்காரர் ரோலண்ட் பியாசெக்கின் கண்ணில் படும்படி நோட்டைப் பிடித்துக்கொண்டார். பானெட்டைத் தூக்கியதும் பென்சில் நின்றுவிட்டது. தேவாலயத்துக்குள் நுழைந்தவர்போலத் தொப்பியைக் கழற்றினார். விலை சொல்வதற்கு முன்பே பேரத்தில் பாதியை அவர் தோற்றது அங்கேதான்.

"பெரியவரே, இந்த எஞ்சினைப் பிரிச்சுக் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருபத்தஞ்சு. தொண்ணூத்து நாலு ஏப்ரல்."

"அப்புறம் எவ்வளவு ஓடியிருக்கு?"

"இருபது நிமிஷம்."

"நான் மைல் கேட்டேன்."

"மைலே கிடையாது. இதே இடத்துல நின்னுக்கிட்டு இருபது நிமிஷம் ஓடிச்சு. அணைச்சேன். அவ்வளவுதான்."

வாண்டர்மோலன் எச்சில் விழுங்கினார். ஹாம்ட்ராமிக்கில் ஒரு குறுகிய வீட்டின் பின்னால், சந்துப் பக்கம் பார்த்த ஷெட்டில், பியாசெக் தன் கையால் கட்டிய எஞ்சின்களுக்கு ஒரு காலத்தில் டெட்ராய்ட் முழுக்கப் பெயர் இருந்தது. ஆலையில் பகல் வேலை, ஷெட்டில் மாலை வேலை. பந்தயக்காரப் பையன்கள் கனடாப் பக்கத்து விண்ட்சரிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்து காத்துக் கிடப்பார்கள். தொண்ணூற்று நாலுக்குப் பிறகு அவர் யாருடைய எஞ்சினையும் தொடவில்லை. ஆக, இதுதான் கடைசி. கட்டி முடித்து, பதம் வருவதற்கு மட்டும் ஓட்டி, அப்படியே மூடி வைத்தது.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றார் வாண்டர்மோலன்.

"சுத்துது. மாசம் ஒரு தடவை கம்பி போட்டுக் கையாலயே சுத்தி வெச்சிருக்கேன். இறுகல."

"ஓட்டிக் காட்டாத எஞ்சினுக்கு இருபத்திரண்டாயிரம் குடுத்துட்டு கிராண்ட் ராப்பிட்ஸ் திரும்பிப் போனேன்னு வைங்க, என் பொண்டாட்டி இந்தக் காரோட என்னையும் சேர்த்து வித்துடுவா. என்னை எவன் வாங்குவான்?"

ரோலண்ட் சிரிக்கவில்லை. இது வரும் என்று தெரியும். புது பேட்டரி போட்டு, புது பெட்ரோல் ஊற்றி, எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறும்படி செய்து மூன்று நாளாக எல்லாம் தயார். சாவி மட்டும் திருகவில்லை. வீடு விற்றாகிவிட்டது, முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஷெட் காலியாக வேண்டும். மகள் ரெனாட்டா தன்னோடு டொலீடோவுக்கு அழைத்துப்போக வந்து, சமையலறையில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்று ஓட்டிக் காட்டினால் கார் போய்விடும். அதோடு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு விஷயமும் சந்து தாண்டிப் போய்விடும் என்பது அவர் போட்டிருந்த கணக்கு.

காரை வாங்கியது அவர் பணத்தில் அல்ல. கல்யாணத்தில் மணப்பெண்ணோடு ஒரு சுற்று ஆட வந்தவர்கள் எல்லாம், அவர்கள் வழக்கப்படி, மனைவி டெல்ஃபின் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் போட்ட பணம். தொள்ளாயிரத்துச் சொச்சம். ரோலண்டின் அம்மா அதில் சோபா வாங்குவதாக முடிவே செய்துவிட்டிருந்தாள். "சோபா எங்கயும் ஓடாதே, அத்தை" என்று சொல்லிவிட்டு மறுநாளே டெல்ஃபின் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தாள். மாமியார் அடுத்த ஈஸ்டர் வரை பேசவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் உட்வர்ட் சாலையில் அவள்தான் ஓட்டுவாள். தலையில் முடி சுருட்டும் ரோலர்கள், மேலே ஒரு துணி. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருக்கும் பையன்கள் அவள் தலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பச்சை விழுந்த பிறகு அந்தச் சிரிப்பு எப்படி ஆனது என்று பார்க்க அவளுக்குப் பின்கண்ணாடி தேவைப்படும். ரோலண்ட் பக்கத்து சீட்டில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் எட்டு பிஸ்டன்களில் எது சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

"எஞ்சின் விக்கினா உனக்குக் கேக்குது. நான் கத்தினா கேக்கறதில்ல" என்பாள்.

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். ஷெட்டில் எஞ்சின் உறுமும்போது கூப்பிட்டால் கேட்காது. ஷெட் விளக்கின் சுவிட்சோ சமையலறையில் இருந்தது. இரண்டு தடவை மினுக்கினால் சாப்பாடு. ஒரே தடவை நீளமாக அணைத்தால் டெலிபோன். ரெனாட்டா ஸ்டூல் மேல் ஏறி நின்று அந்த சுவிட்சைத் தட்டியே வளர்ந்த பெண்.

எண்பதுகளில் எஞ்சின் தேய்ந்து போய், கார் பத்துப் பன்னிரண்டு வருடம் போர்வைக்குள் கிடந்தது. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மறுபடி உட்வர்டில் ஓட வேண்டும் என்று சொன்னது டெல்ஃபின். வால்வுகளைத் தூக்கி இறக்கும் கேம் தண்டு புதிதாக வேண்டியிருந்தது. பேக்கரியில் வாங்கிய சம்பளத்திலிருந்து அவளே வாங்கிக் கொடுத்தாள். மற்றவர்கள் கணவனுக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தருவார்கள்.

புது கேமுக்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் இருபது நிமிடம் எஞ்சினை நல்ல வேகத்திலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். இரும்பும் இரும்பும் ஒன்றோடொன்று உரசிப் பழகுவது அப்போதுதான். நடுவில் வேகத்தை விட்டு முனக விட்டால், எண்ணெய் போதாமல் கேம் தேய்ந்துபோகும். செய்த வேலை அத்தனையும் பழைய இரும்பு.

"இருபது நிமிஷம்" என்று அன்றைக்கு அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். "வீடு தீப்பிடிச்சாலும் கூப்பிடாத."

"தீப்பிடிச்சா கூப்பிட மாட்டேன். உன் ஷெட்டுக்கே எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

சனிக்கிழமை, மழை மூட்டம். கார்புரேட்டர் பக்கம் குனிந்து நின்று வேகத்தைக் கையாலேயே பிடித்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஆகியிருந்தபோது விளக்கு மினுங்கியது. இரண்டு தடவை. கொஞ்சம் விட்டு மறுபடி, ஒழுங்கில்லாமல், மூன்றோ நாலோ. அப்புறம் அணைந்தது. திரும்ப எரியவில்லை.

சூப் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டார் என்பதுகூடச் சரியில்லை. சூப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே விற்றார், தானே வாங்கிக்கொண்டார். முறை தெரிந்தவள் அவள். கேமுக்குப் பணம் கொடுத்தவள். சூப்புக்காகக் கூப்பிட மாட்டாள் என்று அவருடைய கைக்குத் தெரியும். கை ஒரு கணம் தளர்ந்து எஞ்சின் குரல் இறங்கியது. இறுக்கிப் பிடித்தார். கதவு வழியாக வந்த மழை வெளிச்சத்திலேயே மீதிப் பதினொரு நிமிடத்தையும் ஓட்டி முடித்தார். எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடியது. துணியில் கையைத் துடைத்தபடி, பெருமையாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று உள்ளே போனார்.

சுவிட்சுக்கு நேர் கீழே கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள். பதினொரு நிமிடம் முன்னால் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

டொலீடோவிலிருந்து ஓடி வந்த ரெனாட்டா கேட்டாள்: "அம்மா கூப்பிடவே இல்லையாப்பா?"

"சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார்.

எந்தக் கோர்ட்டில் நிறுத்தினாலும் அதில் ஒரு பொய்யை எடுத்துக் காட்ட முடியாது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன பெரியவரே, சாவியை நான் திருகட்டுமா?" என்றார் வாண்டர்மோலன்.

"திருகு."

இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரம் அதிர்ந்து, அலமாரியில் இருந்த ஆணி டப்பாக்கள் கிலுகிலுத்தன. கார்புரேட்டரைப் பிடித்திருந்த கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இருபத்தைந்து வருடம் தூங்கிய எஞ்சின், நேற்றுதான் அணைத்ததுபோல ஒரு தட்டல் இல்லாமல், ஒரு புகை இல்லாமல் ஓடியது. வாண்டர்மோலன் சீட்டில் உட்கார்ந்து, வாங்க வந்தவர் காட்டவே கூடாத பல்லையெல்லாம் காட்டினார்.

"ஐயோ கடவுளே!" என்று கத்தினார். "பெரியவரே, இது எஞ்சின் இல்ல!"

அப்போது விளக்கு மினுங்கியது. இரண்டு தடவை.

ரோலண்ட் கையை விட்டார். எஞ்சின் சட்டென்று இறங்கி, முனகலுக்கு வந்தது. அவர் ஷெட்டில் இல்லை. முழங்கால் ஒத்துழைக்காத எழுபத்தாறு வயது மனிதர், முற்றத்தில் துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து, படியில் தடுக்கி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் விழாத குறையாக வந்து நின்றார்.

ரெனாட்டா கையில் கரண்டியோடு நின்றாள்.

"என்னப்பா? என்ன ஆச்சு? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

அவர் சுவிட்சைக் காட்டினார்.

"சூப் ரெடின்னு தட்டினேன். முட்டைக்கோஸ் சூப். எதுக்கு இப்படி ஓடி வரீங்க? ஆறினா சுட வெச்சுக்கலாம்ல."

சுவரைப் பிடித்தபடி சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்தார். முற்றத்தைக் கடக்க எத்தனை காலடி என்று இத்தனை வருடத்தில் அவர் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது தெரிந்தது. இருபத்து மூன்று. கிழவனாலேயே பத்துப் பன்னிரண்டு நொடியில் முடிகிறது.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொன்னேன்ல."

"என்னிக்கு?"

"உங்கம்மா போன அன்னிக்கு. கேக்கலதான். ஆனா பார்த்தேன், ரெனி. லைட் மினுங்குச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன்."

கரண்டியிலிருந்து சூப் தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிஷம்."

"நானும் கேட்டேனேப்பா. எத்தனை தடவை கேட்டேன்? ஒவ்வொரு ஏப்ரலும் கல்லறைக்குப் போயிட்டு வரும்போது கேட்பேன். அம்மாவுக்குக் கூப்பிடக்கூட நேரமில்லாம போயிடுச்சேன்னு எவ்வளவு அழுதிருக்கேன்."

"ஆமா."

"அவ கூப்பிட்டிருக்கா."

"ஆமாம்மா. நல்லாக் கூப்பிட்டா. விடாமக் கூப்பிட்டா."

ரெனாட்டா அடுப்பை அணைத்தாள். அப்பா பக்கம் வரவில்லை. பெட்டியில் பாதி அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தபடி நின்றாள்.

"இத்தனை வருஷம் சொல்லல. சரி. இன்னிக்கு ஏன் சொல்றீங்க?"

"காரோட அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். அது போகல."

"அந்தச் சனியனை யாராவது போய் அணைங்க" என்றாள். "முதல்ல அதை அணைங்க."

அவரே போய் அணைத்தார். வாண்டர்மோலன் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோலப் பேசினார்.

"எழுபத்திரண்டு பேசினோம். எழுபத்தஞ்சா வெச்சுக்கங்க. என் வாழ்க்கையிலயே விலையை நானே ஏத்தறது இதுதான் முதல் தடவை. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"எழுபத்திரண்டே கிடையாது" என்றார் ரோலண்ட்.

வாண்டர்மோலனின் முகம் பழையபடி வியாபாரி முகமாயிற்று. "ஆஹா. இப்பதான் ஆட்டம் ஆரம்பிக்குதா? சரி, உங்க விலையைச் சொல்லுங்க."

"இருபது நிமிஷத்துக்கு இருபத்திரண்டாயிரம். நிமிஷம் ஆயிரத்து நூறு. சரியா?"

"சரி."

"அதுல ஒன்பது நிமிஷத்தைத்தான் நான் விக்க முடியும்."

"மீதி? எஞ்சின்ல ஏதாவது கோளாறா?"

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி. உன் காதால கேட்டியே."

வாண்டர்மோலன் அவரைப் பார்த்தார். பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே அந்தப் பெண் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். விலையைக் குறைக்கும் விற்பனையாளரிடம் காரணம் கேட்கக் கூடாது என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் கேட்க வாயெடுத்தார். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு நீட்டினார்.

ரோலண்ட் அதை முன்சக்கர ஃபெண்டர் மேல் வைத்து, எஞ்சின் சூடு தாளின் வழியாகக் கையில் ஏற, நிதானமாக எழுதினார்:

கார் — 50,000.
எஞ்சின் ஓடிய நேரம், ஒன்பது நிமிடம் — 9,900.
மொத்தம் — 59,900. பெற்றுக்கொண்டேன்.
எஞ்சின் ஓடிய நேரம், பதினொரு நிமிடம் — டெல்ஃபினுடையது. கொடுக்கவில்லை.