கசந்த பால்கோவா

பெத்த பிள்ளைக்கு வலிப்பு வரட்டும்னு நீங்க எப்பவாச்சும் காத்துக் கெடந்திருக்கீங்களா?

ராஜபாளையத்துக் கல்பனாவ மதுரை ஆஸ்பத்திரியில அப்படித்தான் கெடக்கச் சொன்னாவ. மக மதுஸ்ரீக்கு எட்டு வயசு. தலை பூரா வயரு ஒட்டி, மேல துணி சுத்தி, கட்டிலுக்கு நேரா ஒரு கேமரா. மாத்திரை போட்டாலும் பிள்ளைக்கு அப்பப்ப வந்துரும். தீயுற வாடை அடிக்குதும்பா. பொறவு பார்வை நெலைச்சு நின்னுரும், வாய் மட்டும் சும்மா மெல்லும்.

"வலிப்பு வரும்போது மூளையில எந்த எடத்துலருந்து கெளம்புதுன்னு பாக்கணும்மா. பாத்தாத்தான் அந்த எடத்த மட்டும் ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம்"னு டாக்டர் மாத்திரைய நிறுத்திட்டாரு.

மாத்திரைய நிறுத்துனா என்ன ஆவும்னு கல்பனாவுக்குத் தெரியும். போன ஆடியில ஸ்ரீவில்லிபுத்தூர் தேரு பாக்கப் போன எடத்துல ஒரு வேள மாத்திரை தவறிப்போச்சு. தேரு நெலைக்கு வருமுன்ன பிள்ள கைகாலு வெட்டி, ஒதடு நீலம் பாரிச்சு ரோட்டுல கெடந்தா. யாரோ சாவிக்கொத்தக் கையில திணிச்சாவ. சாவிக்கு என்ன தெரியும்?

இங்க நாலு நாளாகியும் வரல. நாளைக்கும் வரலன்னா வீட்டுக்கு அனுப்பிருவாவளாம். பட்டாளத்துல லீவு வாங்கி வந்த அவ புருசன் பாண்டிதுரை, "ஏட்டி, வீட்டுல கூப்பிடாமலே வருது. இங்க வெத்தல பாக்கு வச்சாலும் வரமாட்டேங்குதே"ன்னான்.

மதுஸ்ரீ மூஞ்சியச் சுளிச்சா. "அப்பா, நீ வாங்கியாந்த பால்கோவா ஏன்ப்பா கசக்குது?"

கல்பனா தரையப் பாத்தா. வீட்டுல மாத்திரைய முழுசா பால்கோவாவுக்குள்ள வச்சு முழுங்க வைப்பா. இங்க தெரியக்கூடாதுன்னு நுணுக்கிக் கலந்துட்டா.

பக்கத்துல நின்ன நர்ஸு வெங்கடேஸ்வரி, "அதான் கேமராவுக்கு முதுகக் காட்டியே ஊட்டுனியளாக்கா?"ன்னா.

"செத்துருவாளோன்னு பயமா இருக்கு தாயி."

"ரோட்டுல வந்தப்ப நீங்க ஒத்தையில நின்னிய. இங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம். ஊசி தயாரா இருக்கு. மாத்திரைய என்கிட்ட குடுங்க."

கல்பனா முந்தியில முடிஞ்சு வச்சிருந்த மாத்திரை அட்டைய அவுத்துக் குடுத்தா. பொறவு பிள்ள பக்கத்த விட்டு நகரல. பிள்ள கொட்டாவி விட்டாக்கூட இவளுக்கு உசுரு போயி வந்துச்சு.

மறுநாள் காலையில இட்லி தின்னுக்கிட்டிருந்த மதுஸ்ரீ, தீயுற வாடை அடிக்குதுன்னா. பெருசாத்தான் வந்துச்சு. ஊசி போட்டாவ, நின்னுச்சு. எந்த எடத்துலருந்து கெளம்புச்சுன்னு கேமராவுலயும் வயருலயும் பதிவாயிருச்சு.