மூன்றாவது சரிகை

நான்சி நகரத்தில் ரயிலடிக்குப் பின்னால் பழைய ராணுவச் சாமான் கடை வைத்திருந்த ஆர்மான் தியேபோவுக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த அதிகாரியின் தொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாலும், அவர் எந்தப் படை, என்ன பதவி, எந்தக் காலம் என்று காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயர் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

அவர் மனைவி ஒதீல் ஒரு தையல் கடையில் கோட்டுகளுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள். அந்தக் கடையை மூடிய பிறகு கணவருக்கு ஒத்தாசையாக வந்து உட்கார்ந்தாள். பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஆர்மான்தான். தொப்பியைச் சுற்றி ஓடும் சரிகைப் பட்டைகள் ஒன்றோ இரண்டோ என்றால் லெப்டினன்ட், மூன்று என்றால் கேப்டன். கீழிருந்து மேலே ஏறும் சரிகையும் உச்சியில் உள்ள பூமுடிச்சும் அதற்குச் சாட்சி. லெப்டினன்டுக்கு அவை ஒற்றை, கேப்டனுக்கு இரட்டை. ஒதீல் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நாலாவது வருடம் ஒரு நாள், ஐந்து சரிகை போட்ட தொப்பியைப் பார்த்து ஆர்மான் "கர்னல்" என்றார். கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒதீல் எச்சில் தொட்ட பஞ்சால் இரண்டு பட்டைகளைத் துடைத்தாள். புகையிலைப் புகை பிடித்து மஞ்சளாகிப்போன வெள்ளிச் சரிகை. மூன்று தங்கம், இரண்டு வெள்ளி; கர்னல் என்றால் ஐந்தும் ஒரே நிறமாக இருக்கும்.

"லெப்டினன்ட் கர்னல்ங்க," என்றாள் மெதுவாக.

அதற்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தால், எடுத்த எடுப்பில் "அம்மா இருக்காங்களா?" என்றுதான் குரல் வந்தது. மெட்ஸ் நகர அருங்காட்சியகம் செவ்வாய்தோறும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தது. அவள் கிளம்பும்போது ஆர்மான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். உள்ளே வயிறு எரியும். பெண்டாட்டியைப் பார்த்து இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருக்கும். வெட்கப்பட்டால் எரிச்சல் இன்னும் கூடும்.

அப்படி ஒரு அக்டோபர் செவ்வாயில் ஜெர்வே கொலின் வந்தார். வெஸ்லீஸ் பக்கம் பிளம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. பழப்பெட்டிக்குள் வைக்கோல் மேல் ஒரு தொப்பி.

"அம்மா இல்லீங்களா?"

"நான் இருக்கேன்ல, காட்டுங்க."

"இல்ல, அம்மாகிட்டத்தான் காட்டணும்னு எங்க ஊர் பாதிரியார் சொன்னாரு. பரவாயில்ல, வியாழக்கிழமை வர்றேன்."

"வைங்கய்யா மேஜையில."

சிவப்பு உச்சி, கருநீலப் பட்டி. காலாட்படை. சுற்றிலும் மூன்று தங்கச் சரிகை. ஆனால் மேலே ஏறும் சரிகை ஒற்றை. முடிச்சும் ஒற்றை.

"எங்க தாத்தாவோடதுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலாம் வருஷச் சண்டையில கேப்டனா இருந்து செத்தாரு. அவரோட சேர்ந்து முப்பது ஆளும் போயிட்டாங்க."

ஆர்மான் தொப்பி மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது சரிகை மற்ற இரண்டையும்விட ஒரு மயிரிழை அகலம். அதிகாரிகளின் சட்டைக் கையில் பதவிக்காகத் தைத்திருக்கும் சரிகையிலிருந்து பிரித்து எடுத்தது. தையல் முரட்டு வெள்ளை நூலில், கோணல்மாணலாக, ஊசி பிடித்துப் பழகாத கை போட்டது. சண்டைக்கு நடுவில் பதவி உயர்ந்த ஒரு லெப்டினன்ட், எங்கோ வேலியோரம் உட்கார்ந்து தானே தைத்துக்கொண்ட பட்டை என்பது அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

வாயிலிருந்து வந்ததோ வேறு.

"போலி. கேப்டன்னா இரட்டைச் சரிகை ஏறணும். எவனோ லெப்டினன்ட் தொப்பியில இன்னொண்ணை ஒட்டி உங்க குடும்பத்தை ஏமாத்தியிருக்கான்."

ஜெர்வே தொப்பியை எடுத்து வைக்கோல் மேல் வைத்தார். "அப்ப எங்க அப்பா சொன்னது பொய்யா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

மாலை சாப்பாட்டில் ஆர்மான் இதை ஒரு வேடிக்கை போலச் சொன்னார். ஒதீல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மூணாவது பட்டை என்ன நூல்ல தைச்சிருந்தது?"

"நான் பாக்கல."

"நீயா பாக்கல?"

"பாக்கலன்னா பாக்கலதான். சூப் ஆறுது."

அவள் மேலே கேட்கவில்லை. அவருக்கு அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. சனிக்கிழமை வரை தாங்கினார். பிறகு ஏலத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காரை வெஸ்லீஸ் பக்கம் ஓட்டினார்.

தோட்டத்து வீட்டுச் சமையலறையில் ஜெர்வேயின் தங்கை மார்செலின் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் தொப்பி இருந்தது. அதில் இரண்டு சரிகைதான் இருந்தது.

"நான்தான் பிரிச்சேன்," என்றாள் மார்செலின். "பொய்யைத் தலைமேல வெச்சுக்கிட்டு எதுக்கு? லெப்டினன்ட்டுன்னா லெப்டினன்ட்டாவே இருக்கட்டும்."

"நூல் எங்க?"

"அடுப்புல போட்டேன். சரிகை மட்டும் டிராயர்ல கிடக்கு."

ஆர்மான் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அது உண்மையான பட்டை, உங்கள் தாத்தாவே தைத்தது, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றார்.

ஜெர்வே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்னய்யா பண்ணினேன்?"

"வந்ததும் அவளைக் கேட்டீங்க."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"நாலு நாளா அப்பா படத்தைத் திருப்பி வெச்சிருக்கேன், தெரியுமா?" என்றார் ஜெர்வே. கையை ஓங்கவில்லை. தொப்பியையும் சரிகைத் துண்டையும் பெட்டியில் வைத்து நீட்டினார். "உங்க வீட்டம்மாகிட்டக் குடுங்க. உங்ககிட்ட இல்ல."

வீட்டுக்கு வந்து ஒதீலிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பெட்டியைத் திறந்து தொப்பியை வெளியே எடுத்தாள். பிறகு விளக்கை இழுத்து வைத்துக் கருநீலத் துணியைப் பார்த்தாள். ஊசித் துளைகள் கோணலாக, ஒழுங்கில்லாமல் சுற்றி வந்தன.

"திரும்பத் தைச்சுடலாமா?" என்றார் ஆர்மான்.

"நான் தைச்சா அது என் தையல். அவரோடது ஆகாது." மேஜை டிராயரிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "அந்த நூலைப் பார்த்துப் புரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். எழுது. எதையும் விடாம எழுது. பொய் சொன்னதையும் சேர்த்து."

இரண்டு பக்கம் எழுதினார். ஒதீல் படித்து முடித்து, "சட்டைக்கைச் சரிகைன்னு நான் கண்டுபிடிச்சிருப்பேனான்னு தெரியல," என்றாள். அவருக்குக் குப்பென்று சந்தோஷம் வந்தது. அதற்காகக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நீ செய்தது சரியில்லை என்று அவள் சொன்னது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை இரண்டு பேரும் உப்பு, ரொட்டி என்பதற்கு மேல் பேசவில்லை.

தொப்பியும் சரிகையும் அந்தத் தாளும் தபாலில் வெஸ்லீஸுக்குப் போயின. ஜெர்வேயிடமிருந்து பதில் இல்லை.

நவம்பரில் மெட்ஸிலிருந்து கடிதம் வந்தது. வாரத்தில் மூன்று நாள், தொப்பிகள் பிரிவு முழுவதும் ஒதீல் பொறுப்பு. அவள் அதை மேஜை மேல் விரித்து வைத்தாள். ஆர்மான் படித்தார்.

"சந்தோஷம்," என்றார்.

"பொய்."

"பொய்தான். வயிறு எரியுது." கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். "ஆனாலும் போ. ரயிலடிக்கு நான் கொண்டுபோய் விடறேன்."